குடிபெயர்வும் குழந்தையின் உரிமையும்

மனிதன் தன் பொருட்டு எடுக்கும் முடிவுக்கும், தன்னைச் சார்ந்து வாழும் பிறர் பொருட்டு எடுக்கும் முடிவுக்கும் இடையே அறவியல் வேறுபாடொன்று உண்டு. முன்னதன் நன்மை தீமைகளை அவனே அனுபவிக்கின்றான். பின்னதன் விளைவைச் சுமப்பவரோ, முடிவு எடுக்கப்பட்ட வேளையில் கேட்கப்படாதவராகவும் இருத்தல் கூடும். இளம் பெற்றோர் தம் சிறு பிள்ளைகளுடன் முற்றிலும் வேறானதொரு வாழ்க்கை முறையினுட் குடிபெயரும்போது இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுகின்றது. உலகின் வடகோடியில் வாழும் இனுயிற் மக்கள் தெற்கு நோக்கிப் பெயர்வது இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கனடாவின் வடபுலத்தில் 'தெற்கு' என்னும் சொல் திசையை மட்டும் குறிப்பதன்று. சிறப்பு மருத்துவமும், உயர் கல்வியும், மரம் வளரும் நிலமும், அந்நியரின் மொழியும் ஒருங்கே அச்சொல்லில் அடங்கும். 1999 ஏப்ரல் 1ஆம் திகதி உருவான நுனாவுற் ஆட்சிப்புலம் ஏறத்தாழ இருபது இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புடையது. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 37,000 பேரே. அதன் 25 குடியிருப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் வீதிகள் இல்லை. கருவுற்ற பெண்கள் பலர் பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகவே விமானமேறி வேற்றூர் செல்கின்றனர். இனுயிற் தாயகப் பகுதிகளில் வாழும் அம்மக்களுட் பாதிக்கும் மேற்பட்டோர் நெரிசல் மிகுந்த வீடுகளில் வாழ்ந்தனர் என்பதையும் அம்மதிப்பீடு காட்டிற்று. கனடாவின் இனுயிற் மக்களுள் 2016இல் நூற்றுக்கு 73 பேர் அளவில் தாயகத்தில் வாழ்ந்தனர்; 2021இல் அத்தொகை 69 ஆகக் குறைந்தது.

இப்பெயர்வைப் பற்றிச் சிந்திப்போர் முதலில் வரலாற்றை நோக்குதல் வேண்டும். தெற்கு நோக்கிய பயணம் நெடுங்காலமாகப் பெற்றோரின் முடிவாக இருக்கவில்லை. 1950களில் கசநோயுற்ற இனுயிற் மக்கள் கப்பலேற்றப்பட்டுத் தென்பகுதி மருத்துவ நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1956 அளவில் அவர்களுள் ஏழில் ஒருவர் அத்தகைய நிலையங்களில் இருந்தார். இறந்தோர் பலரது புதைகுழி எங்குள்ளதென்பது கூட உறவினர்க்கு அறிவிக்கப்படவில்லை. 2019இல் கனடியப் பிரதமர் இதற்காக மன்னிப்புக் கோரினார். கிறீன்லாந்திலோ, 1951இல் 22 சிறுவர்கள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு டென்மார்க்குக்கு அனுப்பப்பட்டனர். அவர்களை டேனிய மொழி பேசும் முன்மாதிரி மாந்தராக உருவாக்குவதே நோக்கம். திரும்பி வந்தோர் தம் வீடுகளுக்கன்றிச் சிறுவர் இல்லமொன்றுக்கே சென்றனர். தாய்மொழியை இழந்தமையால் பெற்றோருடன் உரையாடவும் இயலாதோராயினர். டேனிய அரசு மன்னிப்புக் கோரியது 2020இலாகும்.

இன்று பெயரும் குடும்பத்தை எவரும் கப்பலில் ஏற்றுவதில்லை. பெற்றோர் தாமே முடிவு செய்கின்றனர். ஆயின் அம்முடிவு எத்துணை சுதந்திரமானது என்பது வினாவுக்குரியது. நோயுற்ற குழந்தைக்கு வேண்டிய மருத்துவர் ஒட்டாவாவிலேயே உள்ளார், ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் வாழவேண்டியுள்ளது என்னும் நிலையில், 'விரும்பிச் சென்றனர்' என்று கூறுவது உண்மையின் ஒரு பகுதியேயாகும். அதற்காகப் பெற்றோரின் முடிவு முடிவேயன்று எனக் கொள்வதும் தவறு. அது அவர்களை மீண்டும் சிந்திக்கும் ஆற்றலற்றோராகக் கருதுவதாய் முடியும். முடிவு அவர்களுடையது, அம்முடிவைத் தேவையாக்கிய சூழ்நிலைக்குரிய பொறுப்பு அரசினுடையது. இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியம்.

இனி, குழந்தையின் நிலையை நோக்கலாம். அமெரிக்க மெய்யியலாளர் ஜோயல் பைன்பேர்க் 1980இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், குழந்தைக்குத் 'திறந்த எதிர்காலம்' ஒன்றிற்கான உரிமை உண்டு என வாதிட்டார். வளர்ந்தபின் அது தானே தெரிவுசெய்யத்தக்க வழிகளைப் பெற்றோர் முன்கூட்டியே அடைத்துவிடலாகாது என்பது அவர் கருத்தின் சாரம். இக்கருத்து முதல் நோக்கில் தெற்குக்குச் சார்பாகவே தோன்றும். பல்வகைப் பாடசாலைகளும் தொழில்களும் அங்கேயே உள்ளன. எனினும் இக்கணக்கில் ஒரு குறை உண்டு. திறக்கும் கதவுகள் எண்ணப்படுகின்றன. மூடும் கதவுகள் எண்ணப்படுவதில்லை. இளமையிற் கேட்டுப் பழகாத மொழியைப் பின்னர் தாய்மொழியாகப் பெறுதல் அரிது. கடற்பனியின் உறுதியைக் கண்டறியும் அறிவு நூலினால் வருவதன்று. தெற்கில் வளர்ந்தவனுக்கு வடக்கும், வடக்கில் வளர்ந்தவனுக்குத் தெற்கைப் போலவே, அடைபட்ட வழியாகிவிடலாம்.

இனுயிற் மக்களின் பெயரிடும் மரபு இவ்விழப்பின் தன்மையை விளக்கும். இறந்த ஒருவரின் பெயர் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு இடப்படுகின்றது. பெயருடன் உறவும் தொடர்கின்றது. பாட்டியின் பெயரைப் பெற்ற சிறுமியை அவளின் தந்தையே 'அம்மா' என அழைக்கக்கூடும். இம்மரபைப் பெட்டியில் வைத்துத் தெற்கே கொண்டுசெல்ல இயலாது. பெயரைக் கொண்டுசெல்லலாம், அப்பெயரால் அக்குழந்தையை உறவுமுறை சொல்லி அழைக்கும் முதியோரைக் கொண்டுசெல்லல் இயலாது. பண்பாடு என்பது தனிமனிதன் வைத்திருக்கும் உடைமையன்று. பலர் சேர்ந்திருந்தாலன்றி நிகழாத ஒன்று என்பது இதனாற் பெறப்படும்.

இதனைக் கொண்டு, இளங்குடும்பங்கள் வடக்கிலேயே தங்குதல் கடமை எனச் சிலர் வாதிடலாம். அவ்வாதமும் ஏற்புடையதன்று. ஒரு பண்பாட்டைக் காக்கும் பொறுப்பு முழுவதையும், அதனைத் தாங்கும் வசதி மிகக் குறைந்த இளந்தாயின் தோளில் ஏற்றுவது நீதியாகாது. மூச்சுத்திணறும் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவளிடம் மரபின் பெருமையைப் பேசுவோர், தாம் அதற்குச் செலுத்தும் விலை யாதெனத் தம்மைத்தாமே கேட்டல் வேண்டும்.

வரவேற்கும் சமூகத்தின் கடமை இவ்விடத்தில் முதன்மை பெறுகின்றது. கனடிய மெய்யியலாளர் வில் கிம்லிக்கா 1995இல் வெளியிட்ட நூலில், குடிவரவாளரையும் தேசியச் சிறுபான்மையினரையும் வேறுபடுத்திக் காட்டினார். விரும்பித் தாயகம் நீங்கியோர் தம் பண்பாட்டு உரிமைகளுட் சிலவற்றைத் தாமே கைவிட்டோராவர் என்பது அவர் கொள்கை. ஏதிலிகள் விடயத்தில் இது எளிதிற் பொருந்தாமையை அவரும் உணர்ந்தே இருந்தார். ரொறன்ரோவிற் குடியேறிய ஈழத்தமிழருட் பலர் இதற்குச் சான்று. ஒட்டாவா செல்லும் இனுயிற் குடும்பமோ நாடு மாறவில்லை. தன் நாட்டினுள்ளேயே இடம் மாறுகின்றது. எனவே அது எவ்வுரிமையையும் கைவிட்டதாகக் கொள்ள நியாயமில்லை. டென்மார்க் செல்லும் கிறீன்லாந்துக் குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

நடைமுறையோ வேறாக இருந்தது. டென்மார்க்கில் வாழும் கிறீன்லாந்துப் பெற்றோர், பிள்ளை வளர்க்கும் தகுதி உடையோரா என அறிய உளவியற் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். அவை அவர்தம் மொழிக்கும் பழக்கவழக்கங்களுக்கும் ஏற்ப அமைந்தவையல்ல. அச்சோதனைகளும் சான்றாகக் கொள்ளப்பட்டுப் பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். நெடுங்கால எதிர்ப்பின் பின் 2025இல் கிறீன்லாந்துக் குடும்பங்கள் தொடர்பில் அவை கைவிடப்பட்டன. தன் அளவுகோலே மனிதகுலத்தின் அளவுகோல் எனக் கருதும் சமூகம், நல்லெண்ணத்தோடும் தீங்கிழைக்கும் என்பதே இதன் பாடம்.

ஆகவே, பெயரலாமா, பெயரலாகாதா என்னும் வினா முழுமையான வினாவன்று. குழந்தை வளர்ந்தபின் திரும்பிச் செல்லும் வழி திறந்திருக்குமா என்பதே கேட்கவேண்டியது. வீட்டில் மொழியைப் பேணுதலும் உறவினரிடம் பிள்ளையை அழைத்துச் செல்லுதலும் பெற்றோரின் பங்கு. பாடசாலையிலும் மருத்துவமனையிலும் அம்மொழிக்கு இடமளித்தல் தெற்கின் பங்கு. 1987இல் ஒட்டாவாவில் இனுயிற் மக்கள் தமக்கென அமைத்த துங்கசுவ்விங்கற் இனுயிற் என்னும் நிலையம், அரசு செய்யவேண்டியதன் ஒரு பகுதியை மக்களே செய்யத் தொடங்கியதைக் காட்டுகின்றது. வீடும் மருத்துவமும் வடக்கிற் கிடைக்கச் செய்தல் அரசின் கடன். அங்கு வாழ்வதும் இயலும் என்ற நிலை உருவாகும்போதுதான், தெற்கே செல்வது உண்மையான தெரிவாகும். அதுவரை, பிள்ளைக்குக் கேடு நேரின் பெற்றோரை மட்டும் கூண்டில் நிறுத்துவது நீதியன்று.