யாருக்கான கசாயம்?

நித்தியகல்யாணியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அவனியாபுரத்தில் சுவரோரம் எல்லாம் நிற்கிறது, யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிறது. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் அந்தச் செடியிலிருந்து வந்தவைதான். வின்கிரிஸ்டினை மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றுகிறார்கள். அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. ‘இயற்கைதானே, என்ன பண்ணிடப் போகுது?’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தப் பூதான் ஞாபகம் வரும். மூலிகைக்குச் சக்தி உண்டு. என் பயமே அதனால்தான்.

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பத்தே நாளில் சீந்தில் பொடி, முள்சீத்தா இலை, ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. அவர் எதையும் கேட்கவில்லை.

கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் செல்லுக்குள் ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்கித்தான் புற்றைத் தாக்குகின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட்டின் வேலை அவற்றை அணைப்பது. தான் காப்பாற்றுவது எந்தச் செல்லை என்று மாத்திரைக்குத் தெரியாது. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 1,134 பேரைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2019 கடைசியில் வெளியானது. கீமோவுக்கு முன்பும் நடுவிலும் இந்த மாத்திரைகளை எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் 41% கூடுதலாகத் தெரிந்தது. எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான், புள்ளியியல்படி அது உறுதியான எண் கிடையாது. சரி, தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். ‘ஒருவேளை நல்லது நடக்கும்’ என்று நம்பிக் கொடுக்கிற நாம், ‘ஒருவேளை கெடுதல்’ என்பதை மட்டும் ஏன் கணக்கில் எடுப்பதில்லை?

சீந்திலும் அப்படித்தான். கொரோனா காலத்தில் அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்தச் சண்டை இருக்கட்டும். கீமோ நடுவில் கல்லீரல் டெஸ்ட் எகிறினால் காரணம் மருந்தா பொடியா என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பொடி இருப்பதே அவருக்குத் தெரியாது. கீமோவைத் தள்ளிப்போடுவார், இல்லை அளவைக் குறைப்பார். எங்கள் வேலையில் ஒருத்தன் சொல்லாமல் கோடை மாற்றிவிட்டுப் போனாலே டீம் மொத்தமும் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும். இது உடம்பு.

கொடுப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கீமோ நடக்கிற வீட்டில் சொந்தபந்தம் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. வராந்தாவில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான். ஒரு டம்ளர் கசாயம் கொடுத்தால் நாமும் ஏதோ செய்தோம் என்றாகிறது. ஆறுதல் கொடுத்தவருக்கு, அபாயம் குடித்தவருக்கு. “வேணாம்னா மனசு சங்கடப்படுவாங்கடா” என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா குடிப்பார். வாயெல்லாம் புண்ணாகியிருந்த அந்த மனுஷி, நன்றாக இருந்த எங்களைத் தேற்றிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் சொல்லவும் மாட்டார், திட்டுவார் என்று பயம். ஓபி கூட்டத்தில் கிடைக்கிற இரண்டு நிமிஷத்தில் “வேற என்னம்மா சாப்பிடுறீங்க?” என்று கோபமில்லாமல் கேட்க நேரமும் இருப்பதில்லை.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு கொடுத்தவருடையது என்பது என் கட்சி. சீந்தில் பொடி கொண்டுவந்த சித்தப்பாவிடம், “அடுத்த தடவை நீங்களும் வாங்க, எவ்வளவு, எத்தனை வேளைன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிருங்க” என்றேன். அவர் வரவில்லை. அதற்கப்புறம் பொடியும் வரவில்லை.