காலம் ஆத்துமா?

'காலம் எல்லாத்தையும் ஆத்திரும்'னு ஒரு பேச்சு இருக்குது. அடிச்சவன்தான் இதைச் சொல்றான். அடிபட்டவன் சொல்லி நான் கேட்டதில்ல. செய்தவன் கையை எடுத்துவிட்டால் செயல் முடிந்துவிடுகிறதா?

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையோரம் கிரின்யார்டு என்றொரு சின்னத் தீவு. இரண்டாம் உலகப்போர் நடந்த 1942-ல் பிரிட்டிஷ் அரசின் விஞ்ஞானிகள் அங்கே ஆடுகளை வரிசையாகக் கட்டிவைத்து, ஆந்த்ராக்ஸ் கிருமி நிரப்பிய குண்டை வெடித்தார்கள். சில நாளில் ஆடுகள் செத்தன. விஞ்ஞானிகள் போய்விட்டார்கள். கிருமி போகவில்லை.

இரை இல்லாமல் போனால் இந்தக் கிருமி தன் உடம்புக்குள்ளேயே ஒரு குறுக்குச்சுவர் எழுப்புகிறது. சின்னப் பங்குக்குள் தன் மரபுப்பொருளின் நகலை வைத்து, தண்ணீரைப் பெரும்பாலும் வெளியேற்றி, உறைமேல் உறை போர்த்துகிறது. வேலை முடிந்ததும் தாய்ச்செல் வெடித்துச் சாகிறது. மிஞ்சுவது ஸ்போர் என்கிற வித்து. கொதிக்கிற தண்ணி அதை லேசில் ஒண்ணும் பண்ணாது. 121 டிகிரி செல்சியஸில் நீராவியை அழுத்திக் கொடுக்கணும். அது தின்பதில்லை, வளர்வதில்லை, பெருகுவதில்லை. அப்போ பிணமா? ஆந்த்ராக்ஸுக்குச் சொந்தமான, தீங்கு செய்யாத இன்னொரு கிருமியின் வித்துகளைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் சோதித்தார்கள். உணவின் வாடை லேசாகப் படும்போதெல்லாம் வித்து தன்னிடமுள்ள பொட்டாசியத்தைக் கொஞ்சம் வெளியே விடுகிறது. இப்படி எண்ணிக்கொண்டே வந்து, போதும் என்றானபிறகே விழிக்கிறது. தமிழ் படிச்ச எனக்கு இதை வாசித்தபோது தூக்கம் போச்சு. செத்தது மாதிரி கிடக்கிற ஒன்று கணக்கு வைத்திருக்கிறது!

தீவில் கால்வைக்கத் தடை. 1981-ல் சிலர் அந்த மண்ணை அள்ளிக்கொண்டுபோய், சோதனையை நடத்திய போர்ட்டன் டவுன் ஆய்வகத்தின் பக்கத்தில் போட்டார்கள். அதற்குப் பிறகு, 1986-ல்தான், 280 டன் ஃபார்மால்டிஹைடைக் கடல்நீரில் கலந்து தீவுமேல் தெளித்தார்கள். 1990 ஏப்ரலில் எச்சரிக்கைப் பலகை இறங்கியது. 48 வருசம். காலம் எதை ஆத்துச்சு? கழுவினபிறகுதானே போச்சு!

கிருமிமேல் பழிபோட முடியாது. அது பிழைக்க வழி தேடியது, அவ்வளவுதான். ஆனாலும் அதைத்தான் 'கொடூரம்' என்று எழுதுகிறோம். குண்டில் அடைத்தவர்களை 'விஞ்ஞானிகள்' என்கிறோம். நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

குண்டே போடாத இடத்திலும் இந்தக் கேள்வி விடுவதில்லை. சைபீரியாவின் யமால் பகுதியில் 1941-க்குப் பிறகு ஆந்த்ராக்ஸ் இல்லை. அதான் இல்லையே என்று 2007-ல் துருவ மான்களுக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தினார்கள். 2016 கோடையில் உறைமண் உருகி, வித்துகள் வெளியே வந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2000-க்கும் மேற்பட்ட மான்கள் செத்தன. 12 வயசுப் பையன் ஒருவனும் செத்தான். அப்புறம் மறுபடி ஊசி போட ஆரம்பித்தார்கள்.