சிக்கனமும் குளிரும்

விளக்கை அணைத்துவிட்டு வெளியே வா, குழாயை இறுக மூடு, இலையில் சோற்றை மிச்சம் வைக்காதே என்று வீட்டிலும் மறைக்கல்வி வகுப்பிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிக்கனம் நற்பண்பு என்பதை மறுக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆயினும் சேமிப்பவர் ஒருவராகவும், அச்சேமிப்பிற்காக இழப்பவர் வேறொருவராகவும் இருக்கும்போது, அதனைச் சிக்கனம் என்ற பெயராலேயே அழைக்கலாமா? இவ்வினா 2016-ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, கனடா நாட்டின் டொராண்டோ மாநகரில், ஒரு காரின் முன்னிருக்கையில் எனக்கு எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. காரை விட்டு இறங்கிய பிறகே எழுந்தது.

அந்தக் குளிர்காலத்தில் தமிழர் பலர் வாழும் ஸ்கார்பரோ பகுதியில் பங்குப் பணிக்கு உதவியாகச் சென்றிருந்தேன். ஞாயிறுதோறும் என்னை ஆலயத்திற்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் ஏற்றிருந்தார். ஆறு கிலோமீட்டர் தொலைவு. பின்னிருக்கையில் அவருடைய வயது முதிர்ந்த தாயார். கார், பத்தாண்டுகளாக அவர் கண்போல் காத்துவந்த பிரையஸ் என்னும் ஹைபிரிட் கார். அன்று வெளியே பூச்சியத்திற்குக் கீழே இருபது பாகைக்கு மேற்பட்ட குளிர்.

அவ்வகைக் காரின் இயல்பைச் சிறிது விளக்கினாலன்றி நான் சொல்ல வருவது விளங்காது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் அதில் இணைந்து உழைக்கின்றன. சாலை விளக்கில் கார் நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். பிரேக் பிடிக்கையில் வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதி மின்கலத்தில் சேரும். எஞ்சின் எவ்வளவு ஓய்வெடுக்கிறதோ அவ்வளவு பெட்ரோல் மிச்சம். கோடையில் இது நன்றாகவே நடக்கிறது. குளிர்காலத்திலோ எஞ்சினுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. ஏனெனில் காருக்குள் இருப்போருக்கு வெப்பம் தருவது, எஞ்சினைச் சுற்றியோடிச் சூடேறும் ரேடியேட்டர் நீரே. சாதாரணக் காரில் பெட்ரோலின் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்டது வெறும் வெப்பமாக ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. பொறியியலார் அதை இழப்பு என்பர். ஆனால் பனிக்காலத்தில் பயணிகளைக் காப்பது அந்த இழப்பிலிருந்து பெறும் பங்குதான். ஊதாரிக் கார் தன் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சூட்டிற்கு, சிக்கனக் கார் தனியே விலை கேட்கிறது! எஞ்சின் நின்றால் நீர் ஆறுகிறது. ஹீட்டரைப் போட்டிருந்தால், அந்நீரைச் சுடவைப்பதற்காகவே, கார் நகராதபோதும் எஞ்சின் மீண்டும் இயங்குகிறது. குளிரில் மின்கலமும் சோர்ந்து, குறைவாகவே ஆற்றலைப் பெறுகிறது, தருகிறது. எண்ணெய் கெட்டிப்படுகிறது, காற்றின் அடர்த்தி கூடுகிறது, டயரில் அழுத்தம் தாழ்கிறது. வெப்பநிலை 25 பாகையிலிருந்து பூச்சியத்திற்குக் கீழே 7 பாகைக்கு இறங்கினால், நகரப் பயணங்களில் சாதாரணப் பெட்ரோல் கார் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் ஏறக்குறைய 15 விழுக்காடு குறையும் என்றும், ஹைபிரிட் காரில் அக்குறைவு 30 முதல் 34 விழுக்காடு வரை இருக்கும் என்றும் அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டுள்ளது.

இதற்கு மாற்று வழி தேடியவர்களின் அறிவும் உழைப்பும் என்னை வியக்க வைத்தன. 2004 முதல் 2009 வரை வட அமெரிக்காவில் விற்கப்பட்ட பிரையஸ் காருக்குள் ஒரு பிளாஸ்க் இருக்கிறது. நம் வீடுகளில் காப்பி வைக்கும் பிளாஸ்க் போன்றதே. ஏறக்குறைய மூன்று லிட்டர் சுடுநீரை அது வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று நாள்வரை சூடு போகாமல் காத்து, அடுத்த முறை எஞ்சினை இயக்கும்போது உள்ளே செலுத்துகிறது. நேற்றைய வெப்பம் இன்றைக்கு உதவுகிறது. 2010-ஆம் ஆண்டு மாதிரியில் பிளாஸ்க்கை விட்டுவிட்டு, புகைக்குழாய் வழியே போகும் வெப்பத்தைக் கொண்டு நீரைச் சூடாக்கும் முறையைப் புகுத்தினார்கள். கார் உரிமையாளர்களும் சும்மா இருப்பதில்லை. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக எஞ்சினைச் சூடாக்கும் சிறு மின்கருவியைத் தாமாக இயங்குமாறு பொருத்தி வைக்கிறார்கள். முன்புறக் கம்பித் தட்டியின் கீழ்ப்பகுதியை நுரைப்பஞ்சினால் அடைத்துக் குளிர்காற்றைத் தடுக்கிறார்கள். ஐந்தாறு பாகை குளிர் கூடினால் டயரில் ஒரு பவுண்டு அழுத்தம் குறையும் என்பதறிந்து அடிக்கடி காற்றுப் பார்க்கிறார்கள். கூரைமேல் படிந்த பனியை வழித்து எறிகிறார்கள். எஞ்சின் ஆறுமுன்னே கடை, மருந்தகம், தபால் நிலையம் என எல்லா வேலைகளையும் ஒரே சுற்றில் முடிக்கிறார்கள். நின்ற இடத்திலேயே நெடுநேரம் எஞ்சினை ஓடவிடாமல், அரை நிமிடத்தில் புறப்பட்டு மெதுவாகச் செலுத்துகிறார்கள். இவற்றில் எதனாலும் எவருக்கும் துன்பமில்லை. செலவாவது, செய்பவரின் கவனமும் உழைப்பும் மட்டுமே.

என் அன்பர் இவை அனைத்தையும் செய்பவர். அவற்றோடு இன்னொன்றையும் செய்தார்: ஹீட்டரை அணைத்தார்.

சாலை விளக்கில் நிற்கும்போதெல்லாம் அவர் கை பொத்தானுக்குச் சென்றது; எஞ்சின் ஓய்ந்தது. முன்னேயிருந்த சிறு திரையில், நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் எண்ணைச் சுட்டி, "பாருங்கோ சுவாமி, இந்தக் குளிருக்கும் ஏறவிடேல்லை" என்றார். நான் பாராட்டினேன். பாராட்டியதோடு நில்லாமல், முந்தைய ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலை எடுத்துக்காட்டி, வெப்பச் சாதனத்தைக் குறைத்துக் கம்பளி ஆடை அணிவதும் படைப்பைப் பேணும் செயலே என்று அதில் கூறப்பட்டிருப்பதையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கு இரவல் தந்திருந்த மேலங்கி முழங்கால்வரை நீண்டது. விட்டுவிட்டு வந்த சிறிது வெப்பமும், முன்னே இருந்த எங்கள் இருவரையும் நோக்கியே வந்தது.

ஆலய வாசலில் அம்மையாரை இறக்கிவிடக் கை கொடுத்தேன். கம்பளிக் கையுறையைத் தாண்டி அந்தக் கையின் சில்லிப்பு எனக்குத் தெரிந்தது. படியருகே இருந்த கம்பியைப் பற்ற முயன்றார், விரல்கள் மடங்கவில்லை. "அம்மா, குளிருகிறது என்று சொல்லியிருக்கலாமே" என்றேன். "எனக்குப் பழகிப் போச்சு, சுவாமி. பிள்ளை மிச்சம் பிடிக்கிறான்" என்றார்.

அன்று மாலை அச்சுற்றுமடலின் 211-ஆம் பத்தியை எடுத்து மறுபடியும் படித்தேன். அதிகமாகச் செலவிட வசதியுள்ளவர், தாமே குறைவான வெப்பத்தைப் பயன்படுத்தித் தாமே கனத்த ஆடை உடுத்துவதைப் பற்றித்தான் அங்கே பேசப்படுகிறது. பிறருடைய வெப்பத்தைக் குறைப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. குருமடத்தில் படித்த பாடம் ஒன்றும் நினைவுக்கு வந்தது. புனித தோமா அக்குவினாஸ், செயலின் பெருமையை விட்டுவிட்டுச் செலவின் சிறுமையையே முதல் நோக்கமாகக் கொள்வதை ஒரு குறையாகக் காட்டுகிறார். அத்தகையவரின் தவறு, பணம் எவ்வளவு குறைவு என்பதில் இல்லை, கண் எங்கே நிலைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. எங்கள் இருவர் கண்ணும் அன்று அந்தத் திரையில் நிலைத்திருந்தன. காரில் யார் இருக்கிறார்கள் என்பதைத் திரை காட்டுவதில்லை. தாயை ஏற்றிச் சென்றாலும் வெற்றிருக்கையை ஏற்றிச் சென்றாலும் அதற்கு ஒன்றே.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஹீட்டரை அணைத்ததால் நூறு கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் மிச்சம் என்று தாராளமாகவே கொள்வோம். ஆறு கிலோமீட்டருக்கு 120 மில்லிலிட்டர். நம் வீட்டுக் காப்பித் தம்ளர் நிறையாது.

அன்பரைக் கஞ்சர் என்று எவரேனும் எண்ணினால் அது அநீதி. அவர் கைகளும் விறைத்துத்தான் இருந்தன. மேலும் அவர் பக்கத்தில் ஒரு வலுவான நியாயம் உண்டு; அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. அந்தத் தம்ளர் பெட்ரோலுக்கும் கால் கிலோவுக்குக் குறையாது. அதன் விளைவைச் சுமப்போர் வெகு தொலைவில் இருக்கும் ஏழைகள், இன்னும் பிறவாத குழந்தைகள். அவர்களுக்கும் நாம் கடன்பட்டவர்களே. கடன் உண்மைதான், ஆனால் அதை யாருடைய பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது? என் பங்கை நான் கொடுக்கலாம். பின்னால் இருப்பவரின் பங்கைக் கேளாமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஈகையின் மகிழ்ச்சியை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா?

அவர்தாம் இசைந்தாரே, முணுமுணுக்கவில்லையே எனலாம். இங்கேதான் என் மனம் அதிகமாக உறுத்துகிறது. இசைவுக்கு அறிவும் வேண்டும், விடுதலையும் வேண்டும் என்று அறநெறி இறையியலில் கற்றோம். மகனுடைய வீட்டில், மகனுடைய காரில், மகனுடைய உழைப்பில் வாழும் ஒரு முதிய தாய் "ஹீட்டரைப் போடு, மகனே" என்று கேட்பது எத்தனை எளிது? அதிலும், முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் குருவானவர் அதை அணைத்ததற்காக மகனைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது? நான் புகழ்ந்ததும் அவருக்கு எஞ்சியிருந்த ஒரே வழியும் அடைபட்டது. 'பழகிப் போச்சு' என்பதை ஒப்புதல் என எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவில்லை. வயது முதிர முதிர உடல் தன் சூட்டைக் காக்கும் ஆற்றலை இழக்கிறது என்பதையும் நான் அறியாதவனல்லேன்.

இதை அன்பரிடம் எடுத்துச் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. ஒரு ஞாயிறு புகழ்ந்துவிட்டு மறு ஞாயிறு கண்டிக்க நாவெழவில்லை. அடுத்த ஞாயிறன்று நான் பின்கதவைத் திறந்து ஏறி அமர்ந்துகொண்டு, அம்மையாரை முன்னே அமரச் சொன்னேன். "ஐயோ, சுவாமி பின்னாலயோ?" என்று அவர் வாசலிலேயே நின்றுவிட்டார், பனி விழும் முற்றத்தில் சிறிது வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மகன்தான் அவர் கையைப் பிடித்து முன்னிருக்கையில் உட்காரவைத்தார்.

முதல் சாலை விளக்கில் அவர் கை வழக்கம்போல் பொத்தானை நோக்கிச் சென்றது. பக்கத்தில் தாயைப் பார்த்தார். கை ஸ்டியரிங்கிற்குத் திரும்பியது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அன்று குளிர் முந்தைய வாரத்தைவிட வெகுவாகத் தணிந்திருந்ததால், திரையில் தெரிந்த எண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை. பின்னிருக்கையில் முழங்காலுக்குக் கீழே குளிர் இருக்கத்தான் செய்தது.