மறக்க முடிகிற வண்டி

பைக் வாங்கப் போகிற எவரும் ஒரு கட்டத்தில் இரண்டு பேரிடமாவது யோசனை கேட்பார்கள். ஒருவர், "மனசுக்குப் பிடிச்சத எடு ப்ரோ, இந்த வயசுல ஓட்டாம எப்ப ஓட்டப் போற" என்பார். இன்னொருவர், "டெய்லி ஆபீஸ் போகணும்ல? பிரச்சினை பண்ணாத வண்டியா பாரு" என்பார். இரண்டுமே நல்ல யோசனைதான். ஆனால் எதிரெதிராகப் பேசும் இவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இது வாங்குகிறவன் தனக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு, அவனுடைய ஆசைக்கும் அறிவுக்கும் நடக்கிற பஞ்சாயத்து என்று இருவருமே நினைக்கிறார்கள். எனக்குச் சந்தேகம் அந்த இடத்தில்தான். ஓட்டுகிற சுகம் ஓட்டுகிறவனுக்கு மட்டும். வண்டி நடுவழியில் நின்றால் வரும் கஷ்டம் அவனோடு முடிவதில்லை. வரவு ஒருவருக்கும் செலவு பலருக்கும் என்றால் அதை ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் என்று மட்டும் ஒதுக்க முடியுமா?

முதலில் சுகத்துக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். "வண்டின்னா ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் போறதுக்குத்தானே" என்று சொல்கிறவர்கள் யாரும் சாப்பாட்டைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரைதான் தயாரானது. தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், நல்ல நிலையில் ஒரு வண்டி விற்பனைக்கு வந்தால் இன்றும் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். 98 சிசி, 11 குதிரைத்திறன். 1994இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரின் எஞ்சினும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 97.2 சிசி. ஆனால் அதன் திறன் எட்டைத் தொடவில்லை. ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக்: பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்குள் ஒரு வெடிப்பு நடந்துவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டுமுறை போய்வந்தால்தான் ஒன்று. டூ ஸ்ட்ரோக்கின் தலையில் வால்வு, கேம் ஷாஃப்ட் எதுவும் கிடையாது என்பதால் எடையும் குறைவு. முறுக்கினால் பறப்பதற்கு இதுதான் காரணம். இதற்கு ஒரு விலையும் உண்டு. எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி அப்படியே சைலன்சர் வழியாக வெளியேறும், ஆயிலும் சேர்ந்து எரிந்து புகையாகும். அந்தப் புகைக்குப் பிறகு வருகிறேன்.

கொல்லிமலை ஏறுகிற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன் கியரைக் குறைத்து, உடம்பைச் சாய்த்து, வளைவு முடியும் இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டால் கை தானாக முறுக்குகிறது. அப்போது வேறெதையும் நினைக்க முடியாது. இருபது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு எதிலும் முழுதாக இல்லாமல் வேலை பார்க்கிற என்னைப் போன்றவனுக்கு, ஒரே காரியத்தில் முழுதாக இருக்கக் கிடைக்கும் அரை மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. அதை ஆடம்பரம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

இதற்கு நேர் எதிரான ஆசை ஒன்று உண்டு. 1980களில் ஹீரோ ஹோண்டா தன் சிடி 100 வண்டிக்கு ஒரு விளம்பரம் கொடுத்தது: "ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்." பெட்ரோலைப் போடு, மூடு, மறந்துவிடு. அது மைலேஜைப் பற்றிய விளம்பரம். ஜனங்கள் அதைவிடப் பெரிதாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். வாங்கியதை மறந்துவிடலாம் என்று ஒரு பொருளை விற்றது விசித்திரம்தான். ஆனால் நம்பகம் என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. தத்துவம் படித்தவர்களுக்கு ஹைடெக்கரின் சுத்தியல் ஞாபகம் வரும். ஒழுங்காக அடிக்கிறவரை சுத்தியல் நம் கவனத்துக்கு வருவதே இல்லை, கவனம் முழுக்க ஆணியில்தான். பிடி கழன்றால்தான் சுத்தியல் என்று ஒன்று கையில் இருப்பது தெரிகிறது.

ஆக, சுகமான வண்டி கவனத்தைக் கேட்கிறது. நம்பகமான வண்டி கவனத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. திரும்பக் கிடைத்த கவனம் எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். திண்டுக்கல் பக்கம் இருபது வருஷத்துக்கும் மேல் ஒரே 100 சிசி ஹீரோ ஹோண்டாவில் ஓடினார். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். "அண்ணே, கீழத்தெரு பூரா இருட்டாக் கெடக்குண்ணே." படுத்தபடியே எனக்கு வரிசையாகச் சத்தங்கள் கேட்கும். கேட் திறக்கும், ஒரு உதை, எஞ்சின், பிறகு தெருமுனை வரை தேய்ந்துகொண்டே போகும் வண்டிச் சத்தம். இரண்டாவது உதை கேட்டதாக ஞாபகம் இல்லை. அந்த வண்டிக்கு அவர் பெயர் வைக்கவில்லை, அதைப் பற்றிப் பெருமையாகப் பேசியதும் இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதோடு சரி.

காலேஜ் படிக்கும்போது ஒருநாள் கேட்டேன். "ஏம்ப்பா, நல்ல பெரிய வண்டி ஒண்ணு ஓட்டணும்னு ஒனக்கு ஆசையே வந்ததில்லையா?"

"வராம என்னடா? ஆனா இருட்டுல உக்காந்திருக்கறவன்கிட்ட போயி, வண்டி ஸ்டார்ட் ஆகல அதான் லேட்டுன்னு சொல்ல முடியுமா?" கொஞ்சம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "போஸ்ட்ல ஏறுறப்ப வண்டி நெனப்பு வரக் கூடாதுப்பா."

இரண்டாவது வாக்கியம் முக்கியமானது. கம்பத்தில் ஏறுவதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரில் ஏபி ஸ்விட்சை இறக்க வேண்டும். இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எர்த் ராடு மாட்ட வேண்டும். இதில் ஒன்றை மறந்தால் உயிர் போகும். அந்த இடத்தில் மறக்காமல் இருக்கத்தான் அவர் வண்டியை மறக்க வேண்டியிருந்தது. மறக்க முடிகிற வண்டியை ரசனை இல்லாதவன் தேர்ந்தெடுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். கவனம் வேறு இடத்தில் தேவைப்படுகிறவனுக்கும் அதுதான் தேர்வு.

ராபர்ட் பிர்ஸிக்கின் 'ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டெனன்ஸ்' (1974) இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வரும். அதில் கதைசொல்லியோடு கூட வரும் ஜான் ஒரு பிஎம்டபிள்யூ வைத்திருக்கிறார். வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு விருப்பமில்லை. தளர்ந்துபோன ஹேண்டில்பாரைச் சரிசெய்ய பீர் டின்னிலிருந்து ஒரு துண்டு வெட்டி வைக்கலாம் என்று கதைசொல்லி சொன்னால், ஜானுக்கு அது அவமானமாகப் படுகிறது. தன் கருவியைப் புரிந்துகொள்ள மறுப்பது உலகத்திலிருந்தே விலகி நிற்பது என்பது பிர்ஸிக்கின் வாதம். அந்தப் புத்தகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பயணம் ஒரு விடுமுறை. வண்டி ஒருநாள் நின்றால் ஒருநாள் தாமதம், அவ்வளவுதான். பிர்ஸிக் நிஜத்தில் அந்தப் பயணம் போனது ஒரு ஹோண்டா சூப்பர் ஹாக்கில் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பராமரிப்பைப் பற்றி அவ்வளவு ஆழமாக யோசிக்க, அடிக்கடி பராமரிப்புக் கேட்காத வண்டி ஒன்று அவருக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

நம்பகம் என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், அது ஒரே பொருள் இல்லை. என் தொழிலில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. ஒரு சிஸ்டம் பழுதில்லாமல் ஓடும் சராசரிக் காலத்தை, அந்தக் காலமும் பழுது பார்க்க ஆகும் காலமும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் அது எவ்வளவு நேரம் கைக்கு உதவும் என்று தெரியும். இதை இரண்டு கற்பனை வண்டிகளுக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வண்டி 30 நாளுக்கு ஒருமுறை படுக்கும், அரை நாளில் தெருமுனை மெக்கானிக் சரிசெய்துவிடுவார். இரண்டாவது 900 நாள் ஓடும். ஆனால் போனால் ஒரு சென்சார் வருவதற்காகச் சர்வீஸ் சென்டரில் 15 நாள் நிற்கும். இரண்டுக்கும் விடை ஒன்றேதான், 98.36 சதவீதம்.

முதல் வகைக்குப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை நினைத்துக்கொள்ளலாம். 1955இல் மெட்ராஸில் வேர்விட்ட கம்பெனி அது. 1970இல் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிய பிறகும் இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரசரைப் பிடித்து, சரியான இடத்தில் பிஸ்டனை நிறுத்தி உதைக்க வேண்டும். ஆயில் ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என அதை வைத்திருப்பவர்களே ஜோக் அடிப்பார்கள். அதே சமயம், எந்த ஊரில் நின்றாலும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒருவர் இருந்தார். இரண்டாவது வகைக்கு இன்றைய வண்டிகள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அரிதாகத்தான் மக்கர் பண்ணும். பண்ணினால் புளியமரத்தடி மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது.

சதவீதம் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. 15 நாள் வண்டி இல்லை என்று தெரிந்தால் பஸ் பாஸ் எடுக்கலாம், பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கலாம், உலகம் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். என்றைக்கு வரும் என்று தெரியாத அரை நாளுக்கு யாரும் தயாராக முடியாது, அது பரீட்சை நாளாகவும் இருக்கலாம், பிரசவ நாளாகவும் இருக்கலாம். மனிதர்களிடமும் இப்படித்தானே இருக்கிறோம். வரமாட்டேன் என்று முன்பே சொல்கிறவனோடு வாழ்ந்துவிடலாம். வருகிறேன் என்று சொல்லி எப்போதாவது வராமல் இருக்கிறவனோடுதான் கஷ்டம்.

இதில் வர்க்கமும் இருக்கிறது. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, பிறகு வந்த எக்ஸ்எல் வண்டிகள் இவற்றின் மேல்தான் நம் ஊரில் பால் கேன், மீன் கூடை, தண்ணீர்க் குடம், கோழிக் கூண்டு எல்லாம் போகின்றன. விடியற்காலை நாலு மணிக்கு மீன் எடுக்கப் போகிறவரிடம் "சுகமா, நம்பகமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருநாள் வண்டி எடுக்கவில்லை என்றால் அன்றைய மீன் நாறிவிடும். அவருக்கு அந்தக் கேள்வியே கிடையாது. நமக்கு இருக்கிறது என்றால், நம் வண்டி நிற்கும் நாளில் நம்மைத் தாங்கிப் பிடிக்க வேறொன்று இருக்கிறது என்று அர்த்தம். அது மனைவியின் ஸ்கூட்டராக இருக்கலாம், நண்பனின் காராக இருக்கலாம், வொர்க் ஃப்ரம் ஹோமாகவும் இருக்கலாம். என் நண்பன் ஒருவன் முப்பது வருஷப் பழைய பைக் ஒன்றை உயிராக வைத்திருக்கிறான். அதன் ஒவ்வொரு பழுதையும் கதையாகச் சொல்வான், கேட்க அருமையாக இருக்கும். அந்தக் கதைகளிலெல்லாம் கடைசியில் ஒருவர் வந்து அவனைக் கூட்டிப்போவார். அவரிடம் அந்தக் கதையைக் கேட்டால் அது வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சொதப்புகிற வண்டியின் சுவாரசியம் எப்போதும் யாரோ ஒருவரின் சொதப்பாத வண்டியின் மேல்தான் நிற்கிறது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. நேசிக்கிற வண்டியின் சின்னச் சத்தமும் காதில் விழும். செயின் தளர்ந்தால், பிரேக் ஷூ தேய்ந்தால் உடனே தெரியும். மறக்கப்பட்ட வண்டிகளில் டயர் வழவழப்பாகிற வரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மறதிக்கும் எல்லை வேண்டும் என்றுதான் அப்பா மாசத்தில் ஒரு ஞாயிறு செயினுக்கு ஆயில் விட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து, காற்று பார்த்துவிடுவார். மற்ற நாளெல்லாம் மறப்பதற்கு அந்த ஒரு மணி நேரம்தான் அவர் கட்டிய வாடகை.

இப்போதெல்லாம் யாராவது எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டால், பட்ஜெட்டுக்கு முன்பே "நீ போய்ச் சேரலைன்னா யாரு காத்திருப்பாங்க?" என்றுதான் கேட்கிறேன். இருபத்திரண்டு வயசுக்காரன் ஒருவன் கொஞ்சம் யோசித்து, "யாரும் இல்லண்ணா" என்றான். அப்படியென்றால் தாராளமாக மனசுக்குப் பிடித்ததை எடு என்றேன். அது ஒரு நல்ல காலம், நீண்ட நாள் இருக்காது.

என் வீட்டிலும் விஷயம் நெருங்கிவிட்டது. இரண்டு வண்டி இருக்கிறது. ஸ்கூட்டர் மனைவியுடையது, அவர் காலை ஏழு மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டும். இன்னொன்று என்னுடைய பழைய டூ ஸ்ட்ரோக். ஜூனில் மகள் பள்ளிக்குப் போகிறாள், கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பு. பள்ளி விட்டதும் கேட்டுக்குப் பக்கத்தில் பையோடு நிற்கப்போகிறவளுக்கு, கார்புரேட்டர் ஜெட் அடைத்துக்கொண்டது என்று சொன்னால் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு 110 சிசி வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டேன். பழையது ஞாயிற்றுக்கிழமை காலைகளுக்கு மட்டும், யாரும் காத்திருக்காத சாலைகளுக்கு.

இத்தோடு கணக்கு முடிந்ததாகச் சொல்லலாம். ஆனால் அந்தப் புகை இருக்கிறது. வண்டி நின்றால் யார் காத்திருப்பார்கள் என்று மட்டும்தான் என் கேள்வி கேட்கிறது. வண்டி நன்றாக ஓடும்போது சிக்னலில் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அது கேட்பதில்லை. அதையும் சேர்த்துக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன பதில் வரும் என்று எனக்கு ஓரளவு தெரியும். இன்னும் வண்டியை விற்கவில்லை.