அறத்துக்குப் பதக்கம் அளிக்கலாமா?

நற்செயல் புரிந்தோரைப் பாராட்டுதல் சான்றோர் கடமை என்பர். நற்செயல் புரிவோர் பாராட்டை நாடலாகாது என்பதும் அச்சான்றோர் கூற்றேயாகும். இவ்விரு கூற்றுக்களும் தனித்தனியே நிற்கும்போது எவரும் அவற்றை மறுப்பதில்லை. ஆயின், ஒரு சிறுவனைச் சபை முன்னிலையில் அழைத்து, அவன் ஆற்றிய தொண்டினை எடுத்துரைத்து, அவன் மார்பிலே பதக்கம் ஒன்றினை அணிவிக்கும் வேளையில் அவை ஒன்றோடொன்று முரணுகின்றன. பாராட்டுவோர் தம் கடமையைச் செய்கின்றனர். எனினும், நாடத்தகாத ஒன்றினை நாடுமாறு அச்சிறுவனைப் பழக்குகின்றனரோ என்ற ஐயம் எழவே செய்கின்றது. கிறித்தவச் சாரணிய இயக்கங்களிலே இவ்வையம் ஏனைய இடங்களிலும் பார்க்கக் கூர்மை பெறுகின்றது.

1883ஆம் ஆண்டு வில்லியம் அலெக்சாண்டர் சிமித் என்பார் கிளாஸ்கோ நகரில் போய்ஸ் பிறிகேட் எனப்படும் சிறுவர் படையணியைத் தோற்றுவித்தார். ஞாயிறு பாடசாலைச் சிறுவரிடையே ஒழுங்கையும் சமய உணர்வையும் ஒருங்கே வளர்ப்பது அவர் நோக்கமாயிருந்தது. 1907ஆம் ஆண்டு பேடன் பவல் பிறவுண்சீ தீவில் நடத்திய பரீட்சார்த்தப் பாசறை சாரணியத்துக்கு வித்திட்டது. இவ்விரு மரபுகளின் சாயலையும் 1962ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் அசெம்பிளீஸ் ஒவ் கோட் திருச்சபை தொடக்கிய றோயல் றேஞ்சர்ஸ் இயக்கத்திலே காணலாம். யோனி பாண்ஸ் என்பார் அதனை உருவாக்கினார். அவ்வியக்கச் சின்னத்தின் பதினாறு முனைகளுள் நான்கு, உடல், உள்ளம், ஆன்மிகம், சமூகம் ஆகிய நால்வகை வளர்ச்சியைக் குறிப்பன. சிறுவனாகிய இயேசுவின் வளர்ச்சி பற்றி லூக்கா நற்செய்தி கூறும் பகுதியே இதற்கு அடிப்படை. வேறு எட்டு முனைகள் நேர்மை, துணிவு, கீழ்ப்படிவு முதலான பண்புகளைச் சுட்டுவன. சிறுவர் படிப்படியாகத் தகைமைச் சின்னங்களைப் பெற்று, ஈற்றில் பொற்பதக்கம் என்னும் அதியுயர் விருதினை எய்துவர். பெற்றாரும் சபையாரும் கூடியிருக்க இவ்விருதுகள் வழங்கப்படும்.

இங்குதான் முரண்பாடு தலைதூக்குகின்றது. தருமம் செய்யுங்கால் வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்பது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் தரும் போதனை. மனிதர் காணவேண்டுமென்று செய்தோர் தம் பலனை ஏற்கெனவே பெற்றுவிட்டனர் என்றும் அது எச்சரிக்கின்றது. தமிழ் மரபும் இவ்வுணர்வுக்குப் புறம்பானதன்று. ஆய் அண்டிரனின் ஈகையைப் பாடிய முடமோசியார், மறுமைப் பயன் கருதி அறத்தை விலைகூறும் வணிகன் அல்லன் அவன் என்றே புறநானூற்றிற் போற்றுகின்றார். மறுமைப் பயனே விலையாகுமெனின், மார்பிலே தொங்கும் உலோகத்துண்டு விலையாகாதோ? 1785இல் கான்ற் எழுதிய நூலிலும் ஒரு வணிகன் வருகின்றான். சிறு பிள்ளையிடமும் அவன் கூடிய விலை பெறுவதில்லை. ஆனால், அது தன் வியாபாரத்துக்கு நன்மை பயக்கும் என்பதனாலேயே அவ்வாறு நடக்கின்றான். அவன் செயல் கடமையோடு ஒத்துள்ளது, கடமையினின்றும் பிறந்ததன்று.

உளவியலும் இவ்வையத்துக்கு வலுவூட்டியது. லெப்பர், கிறீன், நிஸ்பெற் ஆகிய மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு, வரைவதில் இயல்பாகவே நாட்டமுடைய பாலர்களைப் பற்றியது. வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே கூறப்பட்ட பிள்ளைகள், பின்னர் தாமாக வரைவதிற் குறைந்த நேரமே செலவிட்டனர். ஆனால், எதிர்பாராது அதே சான்றிதழைப் பெற்றோரின் நாட்டம் அவ்வாறு குன்றவில்லை. பரிசு தன்னளவில் தீங்கன்று; அது முன்கூட்டிப் பேசப்பட்ட கூலியாக மாறும்போதே தீங்கு விளைகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

எதிர்த்தரப்பின் வாதமும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. அறம் பழக்கத்தால் வருவது என்றார் அரிஸ்டோட்டில். நேர்மையான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நேர்மையாளனாகின்றான். அறத்தை அறத்துக்காகவே விரும்பும் பக்குவம் பயிற்சியின் முடிவிலே வருவது. அதனைத் தொடக்கத்திலேயே பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் எதிர்பார்த்தல் முறையன்று. தூய நோக்கம் தோன்றும்வரை நற்செயலைத் தள்ளிவைப்பவன் என்றுமே அதனைத் தொடங்கமாட்டான். விவிலியமும் ஒருதலையாகப் பேசவில்லை. மறைவிற் கொடுக்குமாறு பணிக்கும் அதே மலைப்பிரசங்கமே, நற்செயல்களின் ஒளி மனிதர் முன் விளங்கட்டும் என்றும் முந்திய அதிகாரத்திற் கூறுகின்றது. ஒன்று செய்வோனின் நோக்கம் பற்றியது. மற்றையது காண்போர் அடையும் பயன் பற்றியது எனக் கொள்ளின் இரண்டும் இணங்கி நிற்கும்.

எனவே, இரு வேறுபாடுகளைத் தெளிதல் வேண்டும். முதலாவது, திறனுக்கும் பண்புக்கும் உள்ள வேறுபாடு. முடிச்சிடுதல், முதலுதவி, பாசறை அமைத்தல் என்பன அளந்தறியத்தக்கன. அவற்றுக்குரிய சின்னம், இவன் இதனைச் செய்ய வல்லவன் என்னும் உண்மையான சான்று. நேர்மையும் பக்தியும் அவ்வாறு அளக்கப்படுவன அல்ல. விவிலியப் பாடத்தைக் கற்றான் என்று சான்று கூறலாம். இறைவனை நேசிக்கின்றான் என்று எப்பரீட்சகரும் ஒப்பமிட இயலாது. இரண்டாவது, கூலிக்கும் நன்றிக்கும் உள்ள வேறுபாடு. கூலி செயலுக்கு முன்னரே பேசப்படுவது. நன்றி செயலின் பின்னர் தானாக எழுவது. விருதுக்குரிய நிபந்தனைகள் முன்கூட்டியே கைந்நூலில் அச்சிடப்பட்டுள்ள இயக்கமொன்றில் இவ்வெல்லையைப் பேணுதல் அரிது. அவ்வருமையை மறைப்பதால் எப்பயனும் இல்லை.

விருது பெறாத சிறுவனையும் எண்ணிப் பார்த்தல் தகும். பாடசாலை விட்டதும் குடும்பத்துக்காக உழைக்கச் செல்பவனுக்குப் பாசறைக்குச் செல்ல நேரமில்லை. சீருடை வாங்கப் பணமுமில்லை. அவன் இளைய சகோதரரைப் பேணிய இரவுகள் எப்பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. எண்ணிக்கையால் மட்டும் கணிக்கும் விருதுமுறை, அறத்தைக் கௌரவிப்பதாகக் கூறிக்கொண்டு வசதியைக் கௌரவித்துவிடும்.

மாற்கு நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் ஏழைக் கைம்பெண் இங்கு நினைவுகூரத்தக்கவள். காணிக்கைப் பெட்டியில் அவள் இட்டவை இரண்டு சிறு காசுகளே. செல்வர் இட்டதனிலும் அது பெரிதென்று இயேசு தம் சீடரை அழைத்துக் கூறினார். அப்பாராட்டு அவளிடம் கூறப்பட்டதாக நற்செய்தி சொல்லவில்லை. அது அவளுக்குக் கூலியாகவில்லை, சீடருக்குப் பாடமாயிற்று. அன்றியும், கொடுத்த தொகையைக்கொண்டல்லாமல், கொடுத்தவளின் நிலைமையைக்கொண்டே அது மதிப்பிடப்பட்டது. சிறுவரைக் கௌரவிக்க முனைவோர்க்கு இதனிலும் சிறந்த முன்மாதிரி வேண்டியதில்லை.

ஆகவே, பதக்கத்தை ஒழிப்பது தீர்வாகாது. திறனுக்குச் சின்னம் வழங்கலாம். தொண்டுக்கு நன்றி கூறலாம். அவரவர் நிலைமையறிந்து மதிப்பிடலாம். பண்பை அளந்துவிட்டதாக மட்டும் எவரும் உரிமை பாராட்டலாகாது. அச்சிறுவன் மறுநாள் எவரும் காணாத வேளையில் ஒரு முதியவரின் சுமையைத் தூக்குகின்றானா என்பதை அறிய விருதுக் குழுவுக்கு வழியில்லை. அவ்வறியாமையை மனத்திற்கொண்டு பதக்கம் அணிவிக்கும் கரமே அதனை அடக்கத்துடன் அணிவிக்கும்.