அளவும் வாய்மையும்

கார்த்திகைத் திங்களின் முன்னிரவில் கீழ்வானில் எழும் அறுமீன் கூட்டம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று வினவினால், ஏறத்தாழ 440 ஒளியாண்டு என்று இன்று விடை கூறலாம். இந்த ஓர் எண்ணைப் பெறுவதற்கு அறிவுலகம் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் வழக்காட வேண்டியிருந்தது. அவ்வழக்கு வானியலுக்கு மட்டுமே உரியதன்று. அளப்பவன் தன் அளவைப் பற்றி எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் அறவினா அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டு ஒரு விண்மீனின் இயல்பை மதிப்பிட இயலாது. இரவு வானில் மிகுந்த ஒளியுடைய விண்மீன் சீரியஸ். அடுத்தது அகத்திய மீன். (தமிழகத்தில் நன்கு உயர்ந்து விளங்கும் இம்மீன், டில்லி போன்ற வடபுல நகரங்களில் அடிவானத்தை ஒட்டியே தலைகாட்டி மறையும்; ஊர் மாறினால் உறவின் முகம் தாழ்வது போல.) சீரியஸ் 8.6 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது; அகத்திய மீனோ 300 ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ளது. தொலைவு இரு மடங்கானால் ஒளி நாலில் ஒன்றாகும் என்பது விதி. அவ்விதிப்படி கணக்கிட்டால் சீரியஸ் கதிரவனைப் போல் 25 மடங்கும், அகத்திய மீன் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கும் ஒளி உமிழ்வது புலனாகும். தொலைவு தெரியாத வரையில் ஒளி என்பது வெறுந் தோற்றமே.

ஒளியை அளக்கும் கலைக்குச் சென்னையோடு ஓர் உறவு உண்டு. ஒளித்தரத்தில் ஐந்து படி வேறுபாடு என்பது நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்று 1856-இல் வரையறை கூறியவர் நார்மன் போக்சன். அவர் 1861 முதல் 1891-இல் மறையும் வரையில் சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றினார். அங்கே அவருக்குத் துணையாக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டறிந்தார்.

தொலைவை அளப்பது இதனினும் கடினம். ஒரு பாகையை 3600 கூறிட்டால் கிடைப்பது ஒரு விகலை. பூமி கதிரவனைச் சுற்றி வருவதால் அண்மையிலுள்ள விண்மீன் ஆண்டுதோறும் மிகச் சிறிது அசைவது போலத் தோன்றும். இந்த இடமாறு தோற்றத்தை 1838-இல் பெஸ்ஸல் முதன்முதலில் நம்பத் தகுந்தவாறு அளந்தார். அவர் கண்டது ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்று மண்டலத்தின் நடுக்கம் இதற்கு மேல் நுண்மையை எளிதில் விடவில்லை. ஆதலின் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1989-இல் ஹிப்பார்க்கோஸ் என்னும் செயற்கைக்கோளை வானுக்கு அனுப்பியது. அதன் மோட்டார் ஒன்று இயங்க மறுத்தது; உரிய பாதையை அது எட்டவேயில்லை. ஆயினும், நீள்வட்டப் பாதையிலேயே உழன்று, 1993 வரையில் அளந்து தீர்த்தது. அவ்வாறு அளந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் பட்டியல் 1997-இல் வெளிவந்தது.

அதில்தான் வழக்கு எழுந்தது. கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ 385 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது என்றது அப்பட்டியல். அதற்கு முன்னர் அறிஞர் பிறிதொரு வழியால் 435 என்று கணித்திருந்தனர்: அக்கூட்டத்து மீன்களின் நிறத்தையும் ஒளியையும், அண்மையிலுள்ள ஒத்த இன மீன்களோடு ஒப்பிட்டுக் கண்ட கணக்கு அது. வேறுபாடு சிறிதன்று. செயற்கைக்கோள் சொல்வதே மெய்யாயின், கார்த்திகை மீன்கள் நாம் எண்ணியதை விட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஒளி குன்றியவை ஆகிவிடும். இளம் விண்மீன்கள் எவ்வாறு எரிகின்றன என்னும் கொள்கையையே திருத்த வேண்டி வரும்.

எதனை நம்புவது? நேரே அளந்த கருவியையா, சுற்றி வளைத்த கணக்கையா? கருவியின் பக்கமே நம் மனம் சாயும். 2009-இல் அதே தரவுகளை மீண்டும் ஆய்ந்தபோதும் 390 ஒளியாண்டை ஒட்டிய எண்ணே கிடைத்தது. பிழை நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு என்ற உறுதிமொழியும் உடன் வந்தது. ஆனால் 2004-இல் ஓர் இரட்டை விண்மீனின் சுழற்சியைக் கொண்டு அளந்தவர்களும், 2014-இல் ரேடியோத் தொலைநோக்கிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் இணைத்து அளந்தவர்களும் பழைய கணக்கின் பக்கமே நின்றனர். 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா என்னும் புதிய செயற்கைக்கோளின் அளவுகள் 2016-இலும் 2018-இலும் வெளிவந்தபோது வழக்கு தீர்ந்தது. முதற் கருவி இக்கூட்டத்தில் பிழை செய்திருந்தது.

பிழை வேறு, பொய் வேறு என்பது வெளிப்படை. என் மனத்தை நெடிது ஆட்கொண்டது வேறொரு செய்தி. கையாவின் பட்டியலில் கோடிக்கணக்கான விண்மீன்களுக்கு இடமாறு தோற்றம் சுழிக்குக் கீழே, எதிர்மறை எண்ணாக அச்சிடப்பட்டுள்ளது. அதனை அப்படியே தொலைவாக மாற்றினால் எதிர்மறைத் தொலைவு வரும். அப்படி ஒரு தொலைவு உலகில் இல்லை. இல்லாததென்று அளந்தவர்க்கே தெரியும். தெரிந்தும் ஏன் வெளியிட்டனர்?

மிகத் தொலைவிலுள்ள மீனின் அசைவு, கருவியின் நடுக்கத்தை விடச் சிறியது. நடுக்கம் சில அளவுகளைக் கீழே தள்ளும்; அதே அளவுக்கு வேறு சிலவற்றை மேலே தூக்கிவிடும். கீழே தள்ளப்பட்டவை சுழியைத் தாண்டித் தம் குற்றத்தைத் தாமே காட்டிக்கொள்கின்றன. மேலே தூக்கப்பட்டவையோ நல்ல பிள்ளைகள் போல வரிசையில் நிற்கும். முன்னவற்றை மட்டும் நீக்கிவிட்டால், எஞ்சியவற்றின் சராசரி உயர்ந்துவிடும். விண்மீன்கள் உள்ளதை விட அண்மையிலும், உள்ளதை விட ஒளி குன்றியும் தோன்றும். நட்டம் வந்த நாள்களின் பக்கங்களைக் கணக்கேட்டிலிருந்து கிழித்துவிட்ட வணிகரை எண்ணிப் பாருங்கள். எஞ்சிய பக்கங்களில் உள்ள ஒவ்வோர் எண்ணும் மெய்; ஏடு மட்டும் பொய். ஆண்டறிக்கை எழுதிப் பழகிய சங்கத்துச் செயலாளர்கள் இதனை என்னினும் நன்கறிவர்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம்மவர் முன்பு கடிதத்திலும் இன்று தொலைபேசியிலும் வீட்டுக்குச் சொல்லும் செய்திகளும் இவ்வகையினவே அல்லவா? வேலை நிலைத்தது, சம்பளம் உயர்ந்தது, பிள்ளை பள்ளியில் சேர்ந்தான். எல்லாம் உண்மை. ஒற்றை அறையில் அறுவர் படுத்ததும், மொழி தெரியாமல் கடைவீதியில் தலைகுனிந்ததும் அவற்றில் இடம்பெறா. பெற்றோர் வருந்தலாகாது என்னும் அன்பே காரணம். அதனைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆயினும் அச்செய்திகளையே அளவாகக் கொண்டு, நிலத்தை அடகு வைத்துத் தம்பியும் ரயிலேறினால்? பிறர் தம் வாழ்வை முடிவு செய்ய நம் சொல்லைப் பற்றுக்கோடாகக் கொள்ளும்போது, அச்சொல் ஆறுதல் என்னும் நிலையிலிருந்து அளவு என்னும் நிலைக்கு மாறிவிடுகின்றது. அப்போது நாம் விடுத்தவையும் கணக்கில் சேரும் என்றே நான் கருதுகிறேன்.

குறையை அறிவித்தால் மக்கள் நம்பிக்கை இழப்பர் என்று சிலர் கூறுவர். கையாவின் வரலாறு இதற்கு மறுமொழி. குவேசார்கள் என்னும் ஒளிப்பொருள்கள் அளவிறந்த தொலைவில் உள்ளவை. அவற்றின் இடமாறு தோற்றம் சுழியாகவே இருத்தல் வேண்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குவேசார்களைக் கொண்டு கையாவைச் சோதித்தனர். சராசரி சுழிக்குக் கீழே, ஒரு விகலையின் பத்து லட்சத்தில் 17 பங்கு விலகி நின்றது. தன் துலாக்கோல் இவ்வளவு சாய்கிறது என்று கடைவாயிலில் எழுதி வைத்தது போல, 2020 டிசம்பரில் அளவுகளோடு இச்சாய்வையும் வெளியிட்டனர். கார்த்திகைக்கு இது பொருட்டன்று. முப்பதாயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள மீனுக்கோ ஆறில் ஒரு பங்கு வேறுபாடு. இவ்வளவும் சொன்ன பின்னர் ஒருவரும் கையாவைக் கைவிடவில்லை. உலகெங்கும் உள்ள ஆய்வாளர் அதனையே நாடினர்.

2025 மார்ச்சில் கையா ஓய்வு பெற்றது. ஏறத்தாழ 180 கோடி மீன்களைக் கண்ட அதன் பட்டியலில் திருவாதிரை இல்லை. அக்கருவிக்கு அது மிகையான ஒளி. அன்றியும் அம்மீனின் வட்டம் அதன் இடமாறு தோற்றத்தைப் போல் பல மடங்கு பெரிது. மேற்பரப்போ கொதிகலம் போல் புரள்வது. ஹிப்பார்க்கோஸ் 1997-இல் அதன் தொலைவை 430 ஒளியாண்டு என்றது. 2007-இல் மறுகணக்கு 500 என்றது. ரேடியோ அளவுகளையும் சேர்த்து 2008-இல் 640 என்றனர். 2020-இல் வந்த கணக்கு 548 என்கிறது. அவ்வெண்ணுக்கு அருகிலேயே, மேலே 90, கீழே 49 ஒளியாண்டு வரை பிழை இருக்கலாம் என்றும் அச்சிட்டிருக்கின்றனர்.