கல் பொய் சொல்லுமா?

நகைக் கடையில் வைரம் வாங்கியிருக்கிறீர்களா? வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அத்தையோ சித்தியோ வாங்கும்போது துணைக்காவது போயிருப்பீர்கள். கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இளைஞர் வெல்வெட் தட்டில் ஒரு ஜோடித் தோட்டை வைப்பார். 'ஏம்ப்பா, ஒரிஜினல்தானே?' என்று அத்தை கேட்பார். 'நூறு பர்சென்ட்ம்மா' என்று சொல்லிவிட்டு, பேனா மாதிரி ஒரு கருவியின் முனையைக் கல்லின் மேல் வைப்பார் அவர். 'பீப்' என்று சத்தம் வரும். விளக்கு எரியும். அத்தை முகத்தில் நிம்மதி.

அந்த 'பீப்' எதற்குச் சாட்சி சொல்கிறது?

கருவியின் முனை லேசாகச் சூடாக்கப்பட்ட ஒரு செம்பு ஊசி. கல்லைத் தொட்டதும் அதன் சூடு எவ்வளவு வேகமாக வடிகிறது என்று பார்க்கிறது. அவ்வளவுதான். கண்ணாடியில் வைத்தால் சூடு அங்கேயே தயங்கி நிற்கும். 'அமெரிக்கன் டைமண்ட்' என்று நாம் செல்லமாக அழைக்கும் க்யூபிக் ஸிர்கோனியாவிலும் அப்படியே. (அதற்கு அமெரிக்கக் குடியுரிமை யார் கொடுத்தார்களோ! பட்டை தீட்டியதில் நம் திருச்சிப் பக்கத்துக் கைகளும் உண்டு.) வைரத்தில் வைத்தால் சூடு சட்டென்று காணாமல் போய்விடும். வெப்பத்தைக் கடத்துவதில் வைரம் செம்பைவிட ஐந்து மடங்கு கெட்டிக்காரன். உதட்டில் வைத்தால் ஜில்லென்று இருப்பது அதனால்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செம்பு, வெள்ளி, அலுமினியம் இவையெல்லாம் சூட்டையும் கடத்தும், மின்சாரத்தையும் கடத்தும். இரண்டையும் சுமப்பவை ஒரே எலெக்ட்ரான்கள். ஒன்றில் கெட்டிக்காரன் என்றால் மற்றதிலும் கெட்டிக்காரன் என்று 1853-லேயே வீடமன், ஃபிரான்ஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் உலோகங்களை அளந்து சொல்லிவிட்டார்கள். வைரம் இந்தக் கணக்குக்குள் வராது. அதில் ஒவ்வொரு கார்பன் அணுவும் தன் நான்கு வெளி எலெக்ட்ரான்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு கைகோத்துக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. மின்சாரம் தூக்க ஆளில்லை. ஆனால் கோத்த கை இறுக்கமாக இருப்பதால், ஒரு மூலையில் தட்டினால் அடுத்த மூலைக்கு அதிர்வு ஓடிவிடுகிறது. இழுத்துக் கட்டிய கொடிக்கயிற்றைச் சுண்டிவிட்டுப் பாருங்கள், புரியும். அந்த அதிர்வின் ஓட்டம்தான் வெப்பம்.

ஆகவே, சூடு ஓடினால் வைரம். 1990-கள் வரை வியாபாரிகள் இதை நம்பி நிம்மதியாகத் தூங்கினார்கள்.

1998-ல் மொய்ஸனைட் நகைக் கடைக்கு வந்தது. இது சிலிக்கன் கார்பைடு. அரிசோனாவில் விழுந்த ஒரு விண்கல்லை 1893-ல் ஆராய்ந்த ஹென்றி மொய்ஸான் அதில் சின்னப் படிகங்களைப் பார்த்து, முதலில் வைரம் என்றே நினைத்தார். இல்லை, சிலிக்கன் கார்பைடு என்று சொல்ல அவருக்கு 1904 வரை ஆயிற்று. நோபல் பரிசு வாங்கியவருக்கே பத்து வருஷம் தடுமாற்றம் என்றால், ஒரு பேனா ஏமாறாதா? மொய்ஸனைட்டிலும் சூடு வேகமாக ஓடுகிறது. பேனா 'பீப்' என்றது.

உடனே இன்னொரு கருவி வந்தது. இது மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கும். மொய்ஸனைட் ஒரு செமிகண்டக்டர், குறைகடத்தி. கொஞ்சமாக மின்சாரம் கசியும். (அதே சிலிக்கன் கார்பைடுதான் இன்று மின்சாரக் கார்களின் உள்ளே பவர் சிப்பாக உழைக்கிறது.) வைரத்தில் கசியாது. ஆகவே, சூடு ஓடி மின்சாரம் ஓடாவிட்டால் வைரம். சரிதானே?

சரியில்லை. வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் மியூசியத்தில் ஹோப் வைரம் இருக்கிறது. 45.52 காரட், அடர்ந்த நீலம். நம் கோல்கொண்டா ராஜ்ஜியத்தின் கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து கிளம்பியதாகக் கருதப்படுகிற கல்லின் மிச்சம். அந்த நீலத்துக்குக் காரணம், கார்பன் கூட்டத்தில் ஒளிந்திருக்கும் அற்ப சொற்பமான போரான் அணுக்கள். அதே போரான் அந்தக் கல்லைக் குறைகடத்தியாகவும் மாற்றிவிட்டது. சிப் தயாரிக்கும்போது சிலிக்கனில் வேண்டுமென்றே சேர்ப்பதும் இதே போரானைத்தான். மின்சாரப் பரிசோதனையை மட்டும் நம்பும் ஒரு கடைக்காரரிடம் அந்தப் பரம்பரை நீலக்கல்லைக் கொடுத்தால், 'இது டூப்ளிகேட் சார்' என்று திருப்பிக் கொடுக்க வாய்ப்பு உண்டு.

இதுவரை சொன்னது தமாஷ். இனிமேல்தான் விவகாரம்.

இன்று வைரத்தை மனிதனே செய்கிறான். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ட்ரேஸி ஹால் 1954 டிசம்பரில் அசுர அழுத்தத்தில் செய்து காட்டினார். (அதற்குக் கம்பெனி கொடுத்த சன்மானம் பத்து டாலர் சேமிப்புப் பத்திரம்!) இப்போது இன்னும் எளிது. மீத்தேன், ஹைட்ரஜன் இரண்டையும் ஒரு கலத்துக்குள் விட்டு, மைக்ரோவேவால் பிளாஸ்மாவாக்கினால், ஒரு மெல்லிய வைர வில்லையின் மேல் கார்பன் அடுக்கடுக்காகப் படிகிறது. சில வாரங்களில் கல் தயார். சூரத்தில் இது பெரிய தொழில். சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2023 பட்ஜெட்டைத் தொடர்ந்து மத்திய அரசு ஐந்து வருஷத்துக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே வருஷம் ஜூனில் நம் பிரதமர் ஜில் பைடனுக்குப் பரிசாகக் கொடுத்த 7.5 காரட் கல்லும் இப்படிப் பிறந்ததுதான்.

இது அமெரிக்கன் டைமண்ட் மாதிரி வேறு ஏதோ பொருள் இல்லை. அதே கார்பன், அதே கட்டு. சூடு ஓடும். மின்சாரம் ஓடாது. இரண்டு பேனாவும் இதை வைரம் என்றே சொல்லும். சரியாகத்தான் சொல்கின்றன. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018-ல் வைரத்துக்கான தன் விளக்கத்திலிருந்து 'இயற்கையான' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. பெரிய ஆய்வுக்கூடத்துக் கருவிகள் மட்டும் எது பூமி, எது லேப் என்று பிரித்துச் சொல்லும். எப்படித் தெரியுமா? பூமிக்கடியில் விளையும் வைரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டில் நைட்ரஜன் கலப்படம் உண்டு. லேப் வைரத்தில் பெரும்பாலும் இருக்காது. அதனால் ரொம்ப சுத்தமாக இருக்கும் கல்லைத்தான் முதலில் சந்தேகத்தின் பேரில் தனியே எடுத்து வைக்கிறார்கள்! அழுக்கு இருந்தால் நல்ல குடும்பத்துப் பிள்ளை.

இப்போது என் கேள்வி. உங்கள் பாட்டி போட்டிருந்த ப்ளூ ஜாகர் தோடு பீரோவில் இருக்கிறது. ஒரு மந்திரவாதி இரவோடு இரவாக அந்தக் கற்களை எடுத்துவிட்டு, அணுவுக்கு அணு அதே மாதிரி லேப் கற்களைப் பதித்துவிட்டான். மின்னுவது அதே மின்னல். நீங்களும் சரி, உலகத்தில் எந்தக் கருவியும் சரி, கண்டுபிடிக்க முடியாது. உங்களிடமிருந்து ஏதாவது திருட்டுப் போயிருக்கிறதா?

'இல்லை' என்று சொல்ல உங்களுக்கு மனசு வராது. எனக்கும் வரவில்லை. பாட்டி காதில் இருந்தது அது, இது இல்லை. ஆக, நாம் மதிக்கும் ஏதோ ஒன்று பொருளுக்குள் இல்லை. அதன் சரித்திரத்தில் இருக்கிறது. சரித்திரத்தின் வழியாக வெப்பமும் பாயாது, மின்சாரமும் பாயாது. எந்தப் பேனாவாலும் அதைத் தொட முடியாது.

பாண்டியன் சபையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கண்ணகி சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. அரசியின் சிலம்பில் முத்து. வழக்கு முடிந்தது. ஒரு பேச்சுக்கு, அரசியின் சிலம்பிலும் மாணிக்கப் பரலே இருந்திருந்தால்? கோவலன் அப்போதும் நிரபராதிதான். சிலம்பு அப்போதும் கண்ணகியுடையதுதான். நிரூபிக்க மட்டும் வழி இருந்திருக்காது. உண்மை வேறு, அதைச் சோதிக்கும் வழி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் நம் காலத்தின் வியாதி என்று எனக்கு ஒரு எண்ணம். மெஷின் 'பீப்' சொன்னால் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

சரி, சரித்திரம்தான் மதிப்பு என்று ஒப்புக்கொள்வோம். இயற்கை வைர வியாபாரிகளும் இதைத்தான் விளம்பரத்தில் சொல்கிறார்கள். நூறு கோடி வருஷம், இருநூறு கோடி வருஷம், பூமிக்கு அடியில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஆழம் என்று அடுக்குகிறார்கள். பொய் இல்லை. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். கல் பூமிக்கு மேலே வந்த பிறகும் சரித்திரம் உண்டே?

சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில் கலகக்காரர்கள் வைரத்தை விற்றுத் துப்பாக்கி வாங்கினார்கள். சாதாரண ஜனங்களின் கைகளை வெட்டினார்கள். அதன் பிறகு, 2003-ல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அதன் வாசகத்தைப் படித்தால், அரசாங்கத்தை எதிர்க்கும் கலகக்காரர்களுக்குப் பணம் தரும் கற்களை மட்டும்தான் அது ரத்த வைரம் என்கிறது. அரசாங்கமே சுட்டால்? ஜிம்பாப்வேயில் மராங்கே வயல்களில் 2008-ல் வைரம் தோண்டிக்கொண்டிருந்த ஏழைகளை ராணுவம் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டது. அந்த வயல்களின் கற்களுக்குப் பிறகு ஏற்றுமதி அனுமதியும் கிடைத்தது. ஒரே நிறம், ஒரே எடை, ஒரே சூடு, ஒரே 'பீப்'.

பிறந்த இடம் முக்கியம் என்பவர் முழுப் பிறப்பையும் கேட்க வேண்டும். எரிமலைக் குழம்பு வரைக்கும் கேட்டுவிட்டு, தோண்டியவன் கதை வரும்போது ஏ.சி. ஷோரூமில் காபி குடிக்கக் கூடாது. முழுதாகக் கேட்கத் தெம்பில்லை என்றால், லேப் வைரத்தைப் பார்த்து 'அது ஒரிஜினல் இல்லை' என்று மூக்கைச் சுளிக்கவும் உரிமை இல்லை. லேப் வைரம் மட்டும் மகா புனிதமா என்று கேட்காதீர்கள். அதற்குச் செலவாகும் கரண்ட் பாதி இடத்தில் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. அதன் விலை சரிந்த வேகத்தில் சூரத்தில் பட்டை தீட்டுபவர்கள் பலர் வேலையிழந்து நிற்கிறார்கள். அதுவும் ஒரு சரித்திரம்தான்.

கடைசியாக ஒரு அப்பாவின் விஷயம். கற்பனை அப்பாதான், ஆனால் அவரை உங்கள் தெருவிலேயே பார்க்கலாம். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில், 'நீங்க பார்த்துச் செய்யறதுதான் சம்பந்தி' என்று சொல்லிவிட்டு, வைரத்தோட்டைப் பற்றி இரண்டு தடவை பேச்சு வருகிறது. அப்பா லேப் வைரத்தோடு வாங்குகிறார். விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. சபையில், 'பொண்ணுக்கு வைரத்தோடு போட்டிருக்கோம்' என்கிறார். பேனாவை வைத்துப் பார்த்தாலும் 'பீப்'தான். அவர் சொன்னது பொய்யா?

ரசாயனத்தின்படி ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இருந்தாலும், கேட்பவர்கள் மனதில் எந்த வைரம் தோன்றும் என்று அவருக்குத் தெரியும். தோன்றட்டும் என்றுதான் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் பொய் என்றுதான் எழுதுவேன். கல் பொய் சொல்லவில்லை. அதற்கு வாய் கிடையாது. அவர் 'லேப்' என்று ஒரு சொல்லைக் கூடச் சேர்த்திருந்தால் தீர்ந்தது. அந்தச் சொல்லைச் சொல்ல முடியாத மாதிரி அவரை நெருக்கிய சம்பந்தியைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அச்சில் வராது.

ஆனால் ஒன்று. அப்பாவிடம் கேட்கும் கேள்வியை மற்றவரிடமும் கேட்க வேண்டும். பக்கத்து மண்டபத்தில் இன்னொரு அப்பா, ஐந்து மடங்கு பணம் கொடுத்து இயற்கை வைரமே போட்டிருக்கிறார். அவரும் 'வைரத்தோடு' என்கிறார். எந்த நாட்டுக் கல், யார் தோண்டியது என்பதை அவர் சொல்லவில்லை. மறைக்கவில்லை, பாவம். அவருக்கே தெரியாது. கிம்பர்லி சான்றிதழ் பட்டை தீட்டாத கல் மூட்டையோடு வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் வீட்டு பில்லை எடுத்துப் பாருங்கள். எத்தனை சென்ட் என்று இருக்கும். நிறம், தெளிவு, வெட்டு, செய்கூலி, ஜி.எஸ்.டி. எல்லாம் இருக்கும். ஊர்ப்பெயர் பெரும்பாலும் இருக்காது.